கொப்புளம் தெரியும் முன்பே

2023 மார்ச் 16 முதல் 26 வரை புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். எச்3என்2 காய்ச்சல் பரவுகிறது என்பது காரணம். அதே நாட்களில் தமிழ்நாட்டில் பள்ளிகள் வழக்கம்போல நடந்தன. எது சரி என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. ஃப்ளூ வைரஸ் உடலில் புகுந்த ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சலாக வெளியே தெரிந்துவிடும். பத்து நாள் பிள்ளைகளைப் பிரித்துவைப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சின்னம்மைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கடலோர ஊரான காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, சற்றுத் தள்ளி அனல்மின் நிலையம். சுற்றிலும் மீனவக் குப்பங்கள், வேலை தேடி வந்த ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றால், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் பெயரோடு சுற்றும். "அந்தப் பையன்கூட சேராத" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். லீவு விடச் சொல்லி நாலு பேர் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள்.

கொப்புளம் பிப்ரவரி 5, புதன்கிழமை தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வைரஸ் மூச்சுவழி பரவத் தொடங்கிவிடுகிறது. அதாவது திங்களும் செவ்வாயும் அந்தப் பிள்ளை எல்லோரோடும் உட்கார்ந்து பாடம் படித்தபோதே கைமாறியாயிற்று. வாங்கிக்கொண்ட பிள்ளைகளுக்குக் கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும். அவர்கள் பிறருக்குப் பரப்பக்கூடிய காலம் பிப்ரவரி 11 வாக்கில் தொடங்கி 25 தாண்டியும் நீளும். பயந்துபோய் உடனே ஒரு வாரம் லீவு விட்டால்? அநேகமாக யாரும் யாருக்கும் பரப்பாத வாரத்தில் மூடிவிட்டு, இரண்டாம் சுற்று தொடங்கும் நேரத்தில் கதவைத் திறக்கிறோம்.

ஆகவே டீச்சருக்கு வேண்டியது பூட்டு அல்ல, காலண்டர். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், 'இந்த வகுப்பில் சின்னம்மை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை கவனியுங்கள்' என்று அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் தெரிவித்தால் போதும். அன்றைக்கே என்பதுதான் முக்கியம். அம்மை வராதவர்களுக்கு, தொற்று நேர்ந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ முடியும். கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசி கூடாது. அவர்கள் டாக்டரைப் பார்த்து, தேவைப்பட்டால் பத்து நாளுக்குள் எதிர்ப்புப் புரத ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறு வயதில் அம்மை வராமலே வளர்ந்துவிட்ட பெரியவர்கள் அதிகம். வயதில் வந்தால் அது கொஞ்சம் முரட்டு நோய். பிள்ளைக்கு வந்ததைவிட டீச்சருக்கு வருவது கவலை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஏராளமான பெற்றோர் ஊசி வேண்டாம் என்றார்கள். முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. பள்ளி வாய்மூடி இருந்தால் அம்மை விஷயத்திலும் அதுதான் நடக்கும்.

வீட்டு வழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாசலில் வேப்பிலை, விருந்தாளி வரக் கூடாது, கொப்புளம் காய்ந்த பிறகே தலைக்குத் தண்ணீர். வேப்பிலை வைரஸைக் கொல்லாது. ஆனால் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை ஒதுங்கி இருப்பது மருத்துவமும் சொல்வதே. மருந்தே கூடாது என்பதுதான் வம்பு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிவிடும்.

பொருக்குத் தட்ட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் அம்மா யாரிடம் பிள்ளையை விடுவார்? வீட்டில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சத்துணவும் சேர்ந்தே கைவிட்டுப் போகின்றன. அரைகுறையாகக் காய்ந்த கொப்புளத்தோடு பிள்ளை வகுப்புக்கு வந்துவிடுவதற்கு அலட்சியத்தைவிட இந்த இரண்டு வேளைச் சோறுதான் பல நேரம் காரணம். 2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுத்தார்கள். அம்மை கண்டு வீட்டில் கிடக்கும் ஒற்றைப் பிள்ளைக்கும் அதேபோலக் கொடுத்தனுப்பினால், பொருக்குத் தட்டும்வரை அது வீட்டிலேயே இருக்கும்.