அச்சம் தந்த கடலும் நாம் மறந்த பாயும்

வெக்ஸ்போர்ட் என்பது அயர்லாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள பழந்துறைமுகம் ஒன்றின் பெயர். நாம் வாழும் வெக்ஸ்போர்ட்டிலோ துறையுமில்லை, திரையுமில்லை. லோறன்ஸ் அவெனியூவின் கடைவரிசைகளும், ஓயாத பஸ் ஓட்டமும், மாடிக் குடியிருப்புகளுமே உண்டு. ஆயினும் கோடைகால ஞாயிறொன்றில் பிறிம்லி வீதிவழியே தெற்கே இறங்கினால், வீதி முடியுமிடத்தில் ஒன்ராறியோ ஏரி கடலென விரிந்து கிடக்கக் காணலாம். புளவேர்ஸ் பூங்கா எனப்படும் அவ்விடத்திலிருந்து, கூரையற்ற சிறு பாய்ப்படகுகள் வெளியேறிச் செல்வதை நாம் கரையில் நின்று பார்க்கிறோம். "நாங்களும் போவமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் விடை கூறாது சோற்றுப் பொதியை அவிழ்க்கிறார்கள்.

இந்த மௌனத்திற்குக் காரணம் உண்டு. நமது தலைமுறைக்குத் திறந்த படகு என்றால் உல்லாசம் அன்று, ஓட்டம். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நிகழ்ந்த படுகொலையை நாம் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடனீரேரியை நள்ளிரவில் உயிரைக் கையில் பிடித்தபடி கடந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரம் நோக்கிச் சென்றவர்களும் உள்ளனர். 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், மூடுபனியில் இரு திறந்த உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை, கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் கண்டு காப்பாற்றினார். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். கனடாவில் நமது சமூகத்தின் வரலாற்றைக் கூறுவோர் அப்படகுகளைக் கூறாது விடுவதில்லை.

ஆனால் அச்சம் மட்டுமே நமது கடல் மரபு அன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1937இல் அவ்வூர் மாலுமிகளுடன் புறப்பட்டது. 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் குணமறிந்து பாய் விரித்தவர்கள் நம் முன்னோர். இயந்திரம் வந்தபின் பாய் சுருண்டது. போர் வந்தபின் கடலே மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகளிடம் எஞ்சியிருப்பது பெற்றோரின் அச்சம் ஒன்றே.

அக்கலையை மீட்பதற்கு இவ்வேரி தகுந்த பள்ளி. எனினும் எளிய பள்ளி என்று எண்ணிவிடலாகாது. ஸ்காபரோவின் குன்றுக்கரை ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமானது. உயர்ந்த இடத்தில் 90 மீற்றர் வரை செங்குத்தாக எழுவது. இடர் நேர்ந்தால் ஒதுங்குவதற்கு இடம் அரிது. புளவேர்ஸ் பூங்காவிற்கு மேற்கே ஆஷ்பிரிட்ஜஸ் குடா ஏறத்தாழ 8 கிலோமீற்றர். கிழக்கே பிறெஞ்ச்மன்ஸ் குடா ஏறத்தாழ 16 கிலோமீற்றர். வடகாற்று வீசும் நாளில் குன்றின் மறைவில் நீர் குளம்போல் அமைதியாயிருக்கும். சற்று வெளியே சென்றதும் காற்று வலுத்துப் படகைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும். திரும்புவதற்கு எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறவேண்டும். மேல்நீரைக் காற்று அப்பால் ஒதுக்கும்போது அடியிலுள்ள குளிர்நீர் மேலெழும். நடுக்கோடையிலும் கைகால் விறைக்கும் குளிர் அது.

ஆகவே நாம் கூறுவது துணிச்சலை அன்று, ஒழுங்கை. முதலில் நீச்சல், பின்னர் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் பாய்க்கலை. படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அது உடலில் இருக்கவேண்டும். ஆசனத்தின் கீழ் அன்று. நீர் இறைக்கும் பாத்திரம், துடுப்பு, ஊதல், 15 மீற்றர் மிதவைக் கயிறு ஆகியன உடன் இருத்தல் வேண்டும். எங்கே செல்கிறோம், எப்போது மீள்வோம் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் கூறிச் செல்லவேண்டும். காற்று வலுக்கும் முன்னரே பாயைச் சுருக்குபவனே நல்ல மாலுமி. மேற்கே வானம் கறுத்தால் மறுநாள் என்று திரும்புபவன் அவனிலும் நல்லவன்.

நாம் ஏறிய படகுகளில் சுக்கான் நம் கையில் இருக்கவில்லை. செல்லுமிடத்தையும் இறங்குமிடத்தையும் பிறரே தீர்மானித்தனர். தான் விரும்பிப் புறப்பட்டு, தானே சுக்கான் பிடித்து, மாலையில் புறப்பட்ட துறைக்கே மீள்வது என்ற அனுபவம் நமக்குக் கிட்டவில்லை. அது நம் பிள்ளைகளுக்கேனும் கிட்டட்டும். அடுத்த ஞாயிறு அவர்கள் மீண்டும் கேட்கும்போது, சோற்றுப் பொதியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு விடை கூறுவோம்.