முதியோர் நடக்க ஏற்ற ஊர்

நடத்தல் மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த உடற்பயிற்சியாகும். அதற்குக் கட்டணம் இல்லை, கருவி வேண்டுவதில்லை, கற்பிப்பார் ஒருவரும் தேவையில்லை. ஆயினும் முதுமை வந்துற்றதும் பலர் முதலில் கைவிடுவது இந்த எளிய பயிற்சியையே. சோம்பலே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது. பெரும்பாலும் உண்மை அதுவன்று. வாயிலில் உள்ள இரண்டு படிகள், விரைந்து மாறும் சாலை விளக்கு, நிழலற்ற நெடுவழி, களைத்தால் உட்கார இடமின்மை ஆகியவையே முதியவரை வீட்டுக்குள் அடைத்து வைக்கின்றன.

நடை குறைந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் உடலின் சமநிலை தளரும். சமநிலை தளர்ந்தால் விழுதல் நேரும். ஒருமுறை விழுந்தவர், மீண்டும் விழுவோமோ என்னும் அச்சத்தால் நடையை மேலும் குறைப்பார். இச்சுழலில் சிக்கியவர் கடைக்குச் செல்லவும் பிறர் துணையை நாட வேண்டியவராகிறார். 65 வயதைக் கடந்தவர்கள் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் இஃது ஏறத்தாழ இருபது நிமிட நடையே. அந்த இருபது நிமிடத்திற்கு ஊர் இடந்தருமா என்பதே வினா.

சிங்கப்பூருக்கு இவ்வினா மிக இன்றியமையாதது. 2030ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ உடையவராய் இருப்பர் எனக் கணித்துள்ளனர். அங்கே செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகளை ஒவ்வொன்றாய்க் காண்பது பிற ஊரார்க்கும் பயன்தரும்.

படியில்லாப் பாதை

முதியவரின் நடை தெருவில் தொடங்குவதன்று. அவர் படுக்கையறையிலேயே தொடங்குகிறது. வழுக்கும் குளியலறைத் தரை ஒன்றே ஒருவரின் நடையை முடித்துவிடக் கூடும். ஆதலின் 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கைப்பிடிகள் பொருத்துதல், தரையின் வழுக்கலைக் குறைத்தல், சரிவுப் பாதை அமைத்தல் முதலிய பணிகள் மானியத்துடன் செய்து தரப்படுகின்றன.

வீட்டை விட்டு வெளிவந்தால் அடுத்த தடை மாடிப்படி. முன்னாளில் கட்டப்பட்ட புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நில்லாது. சில மாடிகளுக்கு ஒருமுறையே நிற்கும். இடைப்பட்ட மாடியில் குடியிருப்போர் படியேறியே தீர வேண்டும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் இக்குறையைப் போக்க முற்பட்டது. மின்தூக்கி தம் மாடியிலேயே நிற்கத் தொடங்கியபின், சக்கர நாற்காலியிலும் ஒருவர் சந்தைக்குச் சென்று வர முடிந்தது.

சாலையைக் கடத்தல்

சாலையைக் கடக்கும் காலத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். சாலையின் அகலம் 12 மீட்டர் என்க. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதனைப் பத்து நொடியில் கடப்பார். கோலூன்றி நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர்க்குப் பதினைந்து நொடி வேண்டும். பத்து நொடிக்கே விளக்கு எரியுமாயின், மூதாட்டி ஒருவர் நான்கு மீட்டர் எஞ்சியிருக்கையில் நடுச்சாலையில் நிற்பார். இவ்வாறு ஓரிரு முறை நேர்ந்தால் அச்சாலைக்கு அப்பால் உள்ள ஊர் அவர்க்கு இல்லாத ஊரே.

இதற்குத் தீர்வாக 2009இல் 'கிரீன் மேன் பிளஸ்' என்னும் முறை அறிமுகமாயிற்று. முதியவர் தம் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், பச்சை விளக்கு சாலையின் அகலத்திற்கேற்பக் கூடுதலாகச் சில நொடிகள் எரியும். 2014 முதல் 'சில்வர் ஸோன்' எனப்படும் முதியோர் பாதுகாப்பு வட்டாரங்களும் உருவாயின. முதலாவது புக்கிட் மேரா வியூவில் அமைந்தது. இங்கே சாலை வளைத்தும் குறுக்கியும் அமைக்கப்படுவதால் வண்டியோட்டி தானே வேகத்தைக் குறைக்கிறார். சாலை நடுவே ஒரு திட்டு இருப்பதால், ஒரு பாதியைக் கடந்து நின்று, மறு பாதியைப் பிறகு கடக்கலாம். அறிவுரைப் பலகையினும் சாலையின் வடிவமே வலிமையுடைய ஆசான் என்பது இங்குப் புலனாகிறது.

நிழலும் இருக்கையும்

வெயிலும் மழையும் மிக்க இந்நிலப்பகுதியில் கூரையுள்ள பாதையின் தேவை புதிதன்று. 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே, தெருவின் இருமருங்கும் கடைகளின் முன்னே தொடர்ந்த கூரைவழி அமைய வேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. மலாய்மொழியில் 'காக்கி லீமா' என்றும் தமிழர் பேச்சில் 'அஞ்சடி' என்றும் வழங்குவது அதுவே. அதன் வழித்தோன்றல் என்று சொல்லத்தக்க கூரைநடைபாதைகள் இன்று புளோக்குகளை நிலையங்களோடு இணைக்கின்றன. 2013இல் அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்தின்கீழ், 2018ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்திற்கு இத்தகைய பாதைகள் அமைந்தன.

நிழலுக்கு அடுத்தது இருக்கை. நூறு மீட்டரே தொடர்ந்து நடக்க வல்லவர்க்கு வழியில் நான்கு இருக்கைகள் கிடைத்தால் அவர் ஐந்நூறு மீட்டர் செல்வார். இருக்கை நடையைத் தடுப்பதன்று, அதனை நீட்டுவது. கைப்பிடியோடு கூடிய இருக்கையாயின் எழுவதும் எளிது.

சென்றடைய ஓர் இடம்

பாதை எத்துணைச் சிறந்ததாயினும் போவதற்கு ஓர் இடம் வேண்டும். காலையில் காப்பி அருந்த ஓர் உணவங்காடி, காய்கறி வாங்க ஒரு சந்தை, வழிபடக் கோயில், உரையாட நண்பர் ஆகிய இவையே முதியவரை வெளியே அழைக்கின்றன. பயிற்சிக்காக நடப்பவர் சிலர். வேலையாக நடப்பவரே பலர்.

இக்கருத்தின் சிறந்த எடுத்துக்காட்டு உட்லண்ட்சில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி. முதியோர்க்குரிய 104 வீடுகளும், உணவங்காடியும், மருத்துவ நிலையமும், குழந்தைப் பராமரிப்பு நிலையமும், முதியோர் நடுவமும், கூரைத் தோட்டமும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. ரயில் நிலையமும் அருகிலேயே உள்ளது. அக்கட்டடம் 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அவ்வாண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வு பெற்றது.

பாதையைக் காத்தல்

பாதையை அமைத்தல் ஒருநாள் வேலை. காத்தல் நாள்தோறும் வேலை. 1888இல், ஐந்தடிப் பாதைகளை அடைத்திருந்த கடைச் சரக்குகளை அகற்ற நகராட்சியினர் முற்பட்டபோது சிங்கப்பூரில் கலகமே மூண்டது. 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் செல்லத் தடை விதிக்கப்பட்டபோதும், அவற்றால் பிழைப்பு நடத்தியோர் வருந்தினர். பாதை யாருக்கு உரியது என்னும் வழக்கு பழையது; அது முடிவதுமில்லை.

இவ்வழக்கில் அரசின் கடமை பெரிதெனினும் அண்டை வீட்டாரின் கடமை சிறிதன்று. தாழ்வாரத்தில் நிறுத்திய மிதிவண்டியும், சரிவுப் பாதையை மறித்த வண்டியும் அரசு கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த வழியை ஒரு நொடியில் பயனற்றதாக்கும். ஊர்ப் பாதையை அளக்கும் கோல் இளைஞனின் விரைவன்று. ஊரில் மிக மெல்ல நடப்பவரின் ஓரடியே. அவர்க்கு ஏற்றதாய் அமைந்த பாதை, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், காலில் காயமுற்ற மாணவனுக்கும், நாளை முதுமையடையப் போகும் அனைவருக்கும் ஏற்றதாகும்.