விழுந்த மரமும் வீட்டு மேசையும்

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றைப் பற்றிச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை வட்டாரத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்காற்றில் சில மாமரங்களும் பலா மரங்களும் வேரோடு சாய்கின்றன. இடுக்கி மலைப்பக்கம் சென்றால், மழையில் மண் இளகித் தோட்டத்து மரங்கள் விழுகின்றன. விழுந்த மரம் வழியை அடைத்துக் கிடக்கும். அன்றே விறகு வியாபாரியும் வந்து நிற்பார். இடம் காலியானால் போதும் என்று அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவோரே மிகுதி.

எங்கள் எல்லைப்புறக் கிளைக்கு வாடிக்கையாளர் ஒருவர், மகளின் திருமணத்தை முன்னிட்டுக் கட்டிலும் உணவு மேசையும் இருக்கைகளும் வாங்கத் தனிநபர் கடன் கேட்டு வந்தார். விண்ணப்பத்தை நிரப்பும்போது, மூன்று மாதங்களுக்கு முன் தோட்டத்துப் பலா சாய்ந்ததையும் அதை விறகாக விற்றதையும் பேச்சுவாக்கில் சொன்னார். அடிமரம் எவ்வளவு பருமன் என்று கேட்டோம். இரு கைகளையும் விரித்து அணைத்துக் காட்டினார். சுற்றளவு 60 அங்குலத்துக்குக் குறையாது. கடனை வழங்கினோம். எனினும் அவர் வாங்கப்போகும் மேசை, அவர் விற்ற மரத்துக்குள்ளேயே இருந்தது என்ற எண்ணம் எங்களைவிட்டு அகலவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

மரத்தடியை வணிகர்கள் அளக்கும் முறை எளியது. தடியின் நடுப்பகுதியில் கயிறு கொண்டு சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுக்க வேண்டும். வந்த எண்ணை அதனாலேயே பெருக்கிப் பின் நீளத்தால் பெருக்க வேண்டும். 60 அங்குலச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள தடிக்குக் கால் சுற்றளவு 15 அங்குலம்; 15 × 15 = 225; அதை 8 அடியால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 12.5 கன அடி. அத்தடியின் உண்மையான கன அளவு ஏறத்தாழ 16 கன அடி. அறுக்கும்போது வீணாகும் ஓரங்களுக்கான கழிவு இம்முறையிலேயே அடங்கியுள்ளது. ஆகவே இப்படி அளந்த பின்பும் 'சேதாரம்' என்று மேலும் ஒரு பங்கைக் கழிப்பவரிடம் காரணம் கேட்பது தவறாகாது.

12.5 கன அடியில் பாதிதான் நல்ல பலகையாகத் தேறும் என்று வைத்துக்கொண்டாலும், 6 அடி நீளமும் 3 அடி அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள மேசை ஒன்றும், அதன் இருபுறமும் போட நீண்ட விசிப்பலகைகள் இரண்டும், அவற்றின் கால்களும் அதில் அடங்கிவிடும்.

அறுவை மில்லுக்கு வண்டி பிடிக்கும் முன் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். விழுந்த மரம் தானே விழுந்ததுதானே என்ற வாதம் சட்டத்தின் முன் நில்லாது. கேரளத்தில் வனமல்லாத நிலங்களில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்க 2005-இல் இயற்றப்பட்ட சட்டம், சொந்த நிலத்து மரங்களின் மீது உடைமையாளருக்குப் பெருமளவு உரிமை தருகிறது. பலா, மா, ரப்பர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தொல்லையில்லை. தேக்கு, ஈட்டி முதலிய சில இனங்களுக்கும், அறிவிக்கையில் இடம்பெற்ற பகுதிகளுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. சந்தனத்தின் நிலை முற்றிலும் வேறு. மறையூர்ச் சந்தனக் காட்டில் காய்ந்தும் காற்றில் சாய்ந்தும் போன மரங்களை வனத்துறையே சேகரித்து ஏலத்தில் விற்கிறது. வீட்டுத் தோட்டத்தில் சந்தனம் விழுந்தாலும் வனத்துறைக்குத் தெரிவிக்காமல் கை வைத்தலாகாது. சாலையோரத்தில் விழுந்த மரம் அரசுக்குரியது. அதை ஏலத்தில் எடுக்கலாமேயன்றி இரவோடு இரவாக எடுக்க இயலாது.

இடுக்கியில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பல குடும்பங்களின் நிலம் 1964-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டயம் பெற்றது. அத்தகைய நிலத்தில் சந்தனம், தேக்கு, ஈட்டி, கருங்காலி ஆகிய நான்கும் அரசுக்கென ஒதுக்கப்பட்டவை. 2020 அக்டோபரில் வருவாய்த் துறை பிறப்பித்த ஓர் ஆணையைக் காட்டி, வயநாட்டின் முட்டில் பகுதியில் பட்டய நிலங்களிலிருந்த ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அனுமதி இருக்கிறது என்ற வியாபாரிகளின் சொல்லை நம்பி மரத்தை விற்ற சிறு விவசாயிகளுக்கும் பழங்குடியினருக்கும் பின்னர் அறிவிக்கைகள் வந்து சேர்ந்தன. பட்டயத்தின் நகலோடு கிராம அலுவலகத்துக்கும் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கும் ஒருமுறை சென்று, கேட்டதை எழுத்தில் பெற்றுக்கொள்வதற்கு ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளைச் செலவிடத் தயங்க வேண்டாம்.

மாநில எல்லையைக் கடக்கும் தடிக்கு அனுமதிச் சீட்டுத் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். வாளையார், கோபாலபுரம், சின்னாறு, போடிமெட்டு, குமுளி என எந்த வழியாயினும் சோதனைச் சாவடியில் வண்டி நின்றபின் தாள்களைத் தேடுவதில் பயனில்லை. 2023 டிசம்பர் இறுதியில் நாடு முழுமைக்குமான இணையவழி அனுமதிச் சீட்டு முறை தொடங்கப்பட்டுள்ளது.

அடுத்தது உலர்த்துதல். இதில்தான் பெரும்பாலோர் பொறுமை இழக்கின்றனர். மரம் தன் அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. அகலத்திலும் வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பச்சைப் பலகை வளைவதும் பிளப்பதும் இதனால்தான். எங்களுள் ஒருவரே வீட்டுத் திண்ணைக்கென மாமரத்தில் இருக்கை செய்வித்து, உலர்வதற்குமுன் ஆணி அடித்துவிட்டார். சித்திரை வெயிலில் அது விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. வங்கிக்காரருக்கும் அவசரம் உண்டு.

மரம் விழுந்தவுடன் தடியின் இரு முனைகளிலும் வண்ணப்பூச்சோ மெழுகோ பூசிவிட வேண்டும். முனைகள் வழியே நீர் விரைந்து வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்புத் தொடங்குகிறது. பட்டைக்கு அடியில் வண்டுகள் குடியிருக்குமாதலால், நாட்டுப்புற அழகு கருதி விளிம்பை இயற்கை வளைவோடு விடுவதாயினும் பட்டையை உரித்துவிடுவதே நல்லது. அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கூரையின் கீழ், காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் இரண்டடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர்களை வைக்கவேண்டும். அவை மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் இருத்தல் அவசியம். அடுக்கின் மேல் கல் ஏற்றினால் வளைவு குறையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. வறண்ட வட்டாரங்களில் அதற்கு முன்பே உலரக்கூடும். கணக்கைவிடத் தராசு நம்பத்தக்கது. ஒரு சிறு பலகைக்கு அடையாளமிட்டு மாதந்தோறும் நிறுத்துக் குறித்து வர வேண்டும். எடை குறைவது நின்றால் பலகை தயார்.

எங்கே உலர்த்துவது என்பதும் எல்லைப்புறத்தில் முக்கியம். மூணாற்றின் ஈரக்காற்றில் உலர்ந்த பலகை, மலையிறங்கிப் பொள்ளாச்சியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ மேசையானால் மேலும் சுருங்கும். சமவெளியில் உலர்ந்தது மலைக்குச் சென்றால் உப்பும். ஆகவே எந்த ஊரில் பயன்படப்போகிறதோ அந்த ஊரில் கடைசிச் சில மாதங்களேனும் பலகை கிடக்க வேண்டும். மேசையின் மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக ஆணியடிக்காமல், நீள் துளையில் திருகாணி கொண்டு பொருத்தினால், பருவத்துக்கேற்ப அது அசைந்துகொடுக்கும்.

எல்லா மரமும் காத்திருக்காது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அறுத்த சில நாட்களுக்குள் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் பதப்படுத்தாவிட்டால் நீலம் பூத்து உளுத்துவிடும். மாமரமும் உளுக்கும், அதற்கும் அக்கரைசல் நல்லது. பலாவின் மஞ்சள் வைரம் தானாகவே உறுதியானது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரத்தைத் தேர்வதும் அறிந்ததே. அதன் ஓரத்து வெளுப்புப் பகுதியை மட்டும் கழித்துவிடலாம்.

வெடிப்பும் முடிச்சும் உள்ள தடியை ஒதுக்க வேண்டியதில்லை. 1937-இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் பணியாற்றி, அதற்கான அறைகலன்களையும் வடிவமைத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் அவர் செய்த மேசைகளில் மரத்தின் இயற்கை விளிம்பு அப்படியே இருக்கும். வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்து, அது மேலும் விரியாதபடி தடுப்பார். நம் ஊர் ஆசாரிமாரிடம் படம் வரைந்து காட்டினால் போதும், அதைச் செய்துவிடுவார்கள்.

அந்த ஆசாரிமாருக்கும் ஒரு செய்தி. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் ஒன்று. கருவிகளுக்கு 15,000 ரூபாய் உதவியும், 5 விழுக்காடு வட்டியில், பிணையின்றி முதல் தவணையாக 1 லட்சமும் அடுத்து 2 லட்சமும் கடனாகக் கிடைக்கும். முதல் கடனுக்கு 18 மாதமும் இரண்டாவதற்கு 30 மாதமும் தவணைக்காலம். பதிவு, பொதுச் சேவை மையங்களில். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்போர்க்கு மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் உள்ளது. 3 லட்சம் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, உச்சமாக 50,000 ரூபாய், மானியமும் உண்டு.

முன்னர்க் குறிப்பிட்ட வாடிக்கையாளர் சென்ற மாதம் தவணை கட்ட வந்தார். பிளக்க முடியாது என்று விறகு வியாபாரி விட்டுச்சென்ற பலாவின் கவட்டைப் பகுதியை மில்லில் அறுத்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கியிருப்பதாகச் சொன்னார். மூன்று பலகைகள். முனைகளுக்கு வண்ணம் பூசினீர்களா என்று கேட்டோம். பூசியாயிற்றாம், மாதாமாதம் நிறுக்கவும் தொடங்கிவிட்டார்.