நாற்காலியில் யார்?

தொழிற்சங்கக் கூட்டம் நடத்திய தோழர்களுக்குத் தெரியும், தலைமை வகிப்பது மாலை வாங்கிக்கொள்ளும் வேலையல்ல என்று. யாரைப் பேச அழைப்பது, எந்தத் தீர்மானத்தை எப்போது வாக்கெடுப்புக்கு விடுவது எல்லாம் தலைவர் கையில். தொழிலாளியின் முறையீட்டை ஆலை முதலாளியே தலைமை தாங்கி விசாரித்தால் தீர்ப்பு யார் பக்கம் சாயும்? அணுகுண்டுப் பேச்சிலும் இதே கதைதான்!

1962-ம் ஆண்டு ஜெனீவாவில் 18 நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழு அமைந்தது. இணைத் தலைவர்கள் யார்? அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும்! குண்டைக் குவித்தவர்களே கூட்டத்துக்கும் தலைவர்கள். 1967 ஆகஸ்டில் இருவரும் ஒரே வாசகம் கொண்ட நகலை வைத்தனர். அதன் வழியே 1968-ல் வந்தது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1967 பிறக்குமுன் குண்டு வெடித்த ஐவருக்கு அங்கீகாரம், மற்றவர்க்குத் தடை! ஆயுத ஒழிப்புக்குப் பேசுவோம் என்று ஐவரும் வாக்களித்தனர். கெடு மட்டும் குறிக்கவில்லை. இந்தியா கையெழுத்திட மறுத்தது.

அக்குழுவின் வழிவந்த ஜெனீவா மாநாட்டில் இன்று 65 நாடுகள். 4 வாரத்துக்கு ஒரு தலைவர். ஒருவர் மறுத்தாலும் வேலை நிற்கும். 1996-க்குப் பிறகு அங்கே புதிய ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை. கட்டிப்போட்ட கையில் சுத்தியலைக் கொடுத்து என்ன பயன்?

2017-ல் நியூயார்க்கில் காட்சி மாறியது. அணு ஆயுதத் தடை மாநாட்டுக்குத் தலைவர், கோஸ்டாரிக்கா நாட்டுத் தூதர் ஈலேன் வைட் கோமஸ் என்ற பெண்மணி. 1948-லேயே இராணுவத்தை ஒழித்த நாடு அது! மார்ச்சில் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டார். மே மாதம் நகலைத் தந்தார். ஜூலை 7-ல் வாக்கெடுப்பு நடத்தினார். ஆதரவு 122, எதிர்ப்பு 1. 2021 ஜனவரி 22-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

இதனால் ஒரு குண்டாவது ஒழிந்ததா என்று கேட்பார் உண்டு. ஒழியவில்லை, நாம் மறைக்கவில்லை. குண்டு வைத்திருந்த 9 நாடுகளும் அந்த மண்டபத்துக்கு வரவே இல்லை. ஆனால், குண்டு வைத்திருப்பதே தவறு என்று சொல்லும் உலக ஒப்பந்தம் ஒன்று இன்று இருக்கிறது. ஒருவரின் மறுப்பு எல்லோரையும் கட்டிப்போடாத விதி இருந்தது; குண்டில்லாதவர் தலைமை இருந்தது; எனவே முடிந்தது.

வராத 9 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று 1954-ல் நாடாளுமன்றத்தில் நேரு குரல் கொடுத்த நாடு! தலைமை நாற்காலி கேட்கவேண்டாம். தனக்குரிய நாற்காலியில் வந்து அமர்ந்தாவது இருக்கலாமே என்பதே நம் கேள்வி.