உங்களுக்குத் தெரியுமா? பல் போன பின் குழி பேசும்!

● பல் பிடுங்கிய அன்று வலிப்பது வழக்கம்தான். ஆனால் குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாள் சட்டென்று திரும்பி, காது வரைக்கும் இழுத்தால் அது வேறு சங்கதி. பல் டாக்டர்கள் இதை 'டிரை சாக்கெட்' என்பார்கள். 1896-லேயே கிராஃபோர்ட் என்ற அமெரிக்கர் இதைப் பற்றி எழுதிவிட்டார்.

● குழியில் உறைகிற ரத்தம்தான் உடம்பே போட்டுக்கொள்ளும் கட்டு. அது கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு வெளியே தெரியும். கண்ணாடியில் பார்த்தால் கருஞ்சிவப்புக் கட்டி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பள்ளம், அடியில் சாம்பல் வெள்ளை. காற்று பட்டாலே உயிர் போகும்.

● சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு இது வரும். கீழ்த்தாடை ஞானப்பல் என்றால் இன்னும் அதிகம்.

● சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டு வெயிலில், பல்லைக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது இளநீர் வண்டி. இளநீர் தாராளமாகக் குடிக்கலாம். வம்பு, ஸ்ட்ராவில்! உறிஞ்சுகிற இழுப்பில் கட்டி பெயர்ந்துவிடலாம் என்பதால் டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்கிறார்கள். 'ரத்தம் நின்னுச்சா?' என்று நிமிஷத்துக்கொரு தரம் துப்பிப் பார்ப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

● வெந்நீர் உப்புக் கொப்புளிப்பு நல்லதுதான், 24 மணி நேரம் கழித்து. அதுவும் 'களகள'வென்று இல்லை. வாயில் வைத்து, தலையைச் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும்.

● டாக்டர் குழியைக் கழுவி வைக்கும் மருந்தில் அஞ்சறைப்பெட்டி வாசனை அடிக்கும். கிராம்பில் உள்ள யூஜினால்தான் அது! அதற்காக வீட்டில் கிராம்புத் தைலத்தை நேராகக் குழிக்குள் விடாதீர்கள், புண்ணாகிவிடும்.

● எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிற அம்மா, பாட்டிமார் பல் எடுக்கும் முன்பே அதைச் சொல்லவேண்டும். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமலே போகலாம். காய்ச்சல், சீழ், வீக்கம், வாய் திறக்கமுடியாமை என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

● பெருங்களத்தூரில் பீச் ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-இல் தொடங்கியது. குழி வலியோடு போகிறவர்களுக்கு ஜன்னலோர சீட் மட்டும் வேண்டாம்!