இரும்பினால் தைத்த உடைகள்

ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போகும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் உஃபிஸி சித்திரசாலையையும் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீதையும் கண்ட திருப்தியோடு ரயிலேறிவிடுவதால், நகரின் வட புறத்தில் மொந்தூகி என்னும் குன்றின்மேல் ஒரு தனி மனிதரின் பிடிவாதமான ஆசையால் வளர்ந்து நிற்கும் ஸ்டிபர்ட் மாளிகையைப் பார்க்கும் பாக்கியம் சிலருக்கே கிட்டுகிறது.

ஃப்ரெடெரிக் ஸ்டிபர்ட் 1838-இல் அந்நகரிலேயே பிறந்தவர். தந்தை ஆங்கிலேய ராணுவ அதிகாரி, தாய் இத்தாலியப் பெண்மணி. பாட்டனார் ஜைல்ஸ் ஸ்டிபர்ட்டோ கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர். பேரன் உத்தியோகம் எதுவும் பாராமல் ஆயுள் முழுவதும் கவசம் வாங்கிக்கொண்டிருக்க முடிந்தது எந்த தேசத்துப் பணத்தால் என்பதை, அந்த மாளிகையின் படியேறும் இந்தியன் ஒருவன் எளிதில் மறந்துவிட இயலாது. 1866-இல் கரிபால்டியின் சேனையில் சேர்ந்து யுத்தத்தையும் நேரில் கண்டுவந்த ஸ்டிபர்ட், அதன்பின் வீட்டை விஸ்தரிப்பதும், விஸ்தரித்த அறைகளை நிரப்புவதும், நிரம்பிவிட்டதென்று மறுபடி விஸ்தரிப்பதுமாகவே வாழ்ந்தார்.

அந்த வீட்டின் பிரதான மண்டபத்தில், உயிர்க்குதிரையின் அளவில் செய்த குதிரைகளின்மீது, தலை முதல் கால் வரை கவசம் பூண்ட உருவங்கள் ஊர்வலமாகப் புறப்பட்டாற்போல் அணிவகுத்திருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வாளை வைத்து எண் ஒட்டும் காட்சிசாலை முறை அவருக்கு உவப்பாயில்லை. குறையாயிருந்த உறுப்புகளைக் கொல்லர்களைக் கொண்டு புதிதாகச் செய்வித்துப் பொருத்தியும் நிறுத்தினார். இது குற்றம் என்று ஆராய்ச்சியாளர் சொல்லக்கூடும். ஆயினும், கவசம் என்பது ஆயுதசாலைச் சரக்கு மட்டுமன்று, ஒரு மனிதன் உடுத்திய உடை என்பதை அவர் கண்டுகொண்ட அளவுக்குப் பலர் கண்டதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உடைகளின் சரித்திரத்தைப் பற்றி அவர் சித்திரங்களோடு எழுதி வைத்த நூல், மறைவுக்குப் பின் 1914-இல் வெளிவந்தது. 1805-இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய சமயத்தில் நெப்போலியன் அணிந்த உடையும் அந்த வீட்டில் இருக்கிறது.

பஞ்சோ துணியோ திணித்துத் தைத்த சட்டையை உள்ளே அணிந்து, அதன்மேல் ஒவ்வொரு தகடாக வாராலும் கயிற்றாலும் பூட்டவேண்டியிருந்தபடியால், ஐரோப்பிய வீரனுக்குக் கவசம் பூட்டிவிட உதவியாள் தேவைப்பட்டது. யுத்தகளத்துக்கென்று செய்த முழுக் கவசம் இருபது, இருபத்தைந்து கிலோ எடை இருந்தாலும், அந்தப் பாரம் உடலெங்கும் பகிர்ந்து விழுந்ததால், அணிந்தவன் ஓடவும், விழுந்தால் தானே எழவும் முடிந்தது. பாரந்தூக்கும் யந்திரத்தால் குதிரையேற்றினார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. பட்டுச் சட்டையை ஆங்காங்கே கீறி உள்துணி உப்பித் தெரியும்படி தைப்பது நாகரிகமாயிருந்த பதினாறாம் நூற்றாண்டில், கொல்லர்கள் அந்த உப்பலையும் கீறலையும் எஃகிலேயே அடித்து உருவாக்கினார்கள். கூர்நுனிச் செருப்பு போய் அகன்ற செருப்பு வந்தபோது இரும்புக் காலணியும் அகன்றது. உயிரைக் காக்க வந்த இரும்பு தையற்காரனுக்கு இவ்வளவு பணிந்துபோயிற்று!

ஜப்பானிய அறைகளுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1868-இல் ஆட்சி மாறி, 1876-இல் சாமுராய்கள் வாள் தரிப்பதும் தடைசெய்யப்படவே, பரம்பரை பரம்பரையாகப் போற்றிய கவசங்கள் சந்தைக்கு வந்தன. மரப்பாலால் மெருகிட்ட சிறு சிறு தகடுகளைப் பட்டுக் கயிற்றால் கோத்த அந்தக் கவசங்களை ஸ்டிபர்ட் தாராளமாக வாங்கினார்; ஜப்பானுக்கு வெளியே இருக்கும் பெருந்தொகுதிகளுள் இதுவும் ஒன்று.

1887-இல் ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் புது முகப்பைத் திறந்துவைத்த விழாவில், பதினான்காம் நூற்றாண்டுப் பாணியில் தமக்கென்றே செய்வித்த கவசத்தை அணிந்து அவர் ஊர்வலத்தில் கலந்துகொண்டார். வயது அப்போது நாற்பத்தெட்டை எட்டியிருந்தது. ஆசை மட்டும் பாலப்பருவத்திலேயே நின்றிருந்தது போலும்.

1906-இல் அவர் இறந்தபின், உயிலின்படி வீடும் சேகரிப்பும் நகரத்தைச் சேர்ந்தன. சுற்றியுள்ள தோட்டமும் அவருடைய கற்பனைக்குத் தப்பவில்லை. நீர்நிலையோரத்தில் எகிப்தியக் கோயில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். வாளிலும் கேடயத்திலும் நாட்டமில்லாத குடும்பத்தாரை அங்கே மரநிழலில் அமர்த்திவிட்டு, உள்ளே போகிறவர் அவசரமின்றிப் போகலாம்.