வன்தட்டு மறைந்தால் முதலில் என்ன செய்வது?

பீடோங் அருகே தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார், மகளின் மடிக்கணினியோடு என்னிடம் வந்தார். மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். "எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிறது. திரும்பத் தொடங்கினால் வன்தட்டே இல்லை என்கிறது. கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது" என்றார்.

கடையில் இரண்டு முறை விண்டோசை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். பணம் போனது, பிள்ளையின் இடுபணியும் அழிந்தது. கோளாறு மட்டும் போகவில்லை.

என்ன நடக்கிறது?

இன்றைய மடிக்கணினிகளில் சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி இருக்கிறது. அதனுள் சுழல்வது எதுவும் இல்லை. பழைய வன்தட்டு கெடுமுன் பெரும்பாலும் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுக்கும். இது சத்தமின்றி மறைந்துவிடும். விண்டோஸ் இருப்பதே அதில்தான். அது மறைந்ததும் கணினி திகைத்து நிற்கிறது. கோளாற்றைக் குறித்துவைக்கவும் இடமில்லாததால், பதிவேட்டில் பெரும்பாலும் தடயம் இருக்காது.

ஒரு முக்கிய அடையாளம் உண்டு. வெறுமனே 'ரீஸ்டார்ட்' செய்யும்போது எஸ்எஸ்டிக்குப் போகும் மின்சாரம் பல சமயம் நிற்பதில்லை. முழுவதும் அணைத்தால்தான் அது புதிதாக விழிக்கும். அணைத்துத் திறந்தால் மட்டும் வன்தட்டு திரும்பி வருகிறது என்றால், வைரசைத் தேடாதீர்கள், எஸ்எஸ்டியைச் சந்தேகியுங்கள்.

உலகம் கண்ட கோளாறு

2012 ஜனவரியில், மைக்ரோன் நிறுவனத்தின் குருஷியல் எம்4 எஸ்எஸ்டிக்கு இப்படியொரு கோளாற்றைத் திருத்தும் உள்மென்பொருள் வெளிவந்தது. சுமார் 5,184 மணி நேரம், அதாவது 216 நாள் ஓடியதும் அது நின்றுவிடும். திரும்பத் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம், தனது சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில் செயலிழக்கும், தகவலை மீட்க முடியாது என்று எச்சரித்தது. இரண்டிலும் குற்றவாளி உள்மென்பொருள்தான்.

நம் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கியது. பக்கத்துப் பத்து காவானில் எஸ்எஸ்டியே தயாராகிறது. நம் பிள்ளைகள் பலருக்கு வேலை தரும் துறை இது. அதன் குணத்தை நாமும் அறிந்திருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, வன்தட்டு திரும்பி வந்த அந்த வேளையிலேயே கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். பிள்ளையின் இடுபணி, குடும்பப் படம், கடைக் கணக்கு எல்லாம் அதில் அடங்கும். மற்றதெல்லாம் பிறகுதான்.

இரண்டாவது, எஸ்எஸ்டியைக் கழற்றித் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். திருகு தளர்ந்திருக்கலாம். மேசைக் கணினியானால் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். சில எஸ்எஸ்டிகள் உறங்கப் போய் எழுவதில்லை. அதிகச் சூட்டாலும் மறைவதுண்டு; காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

நான்காவது, தயாரிப்பாளரின் தளத்தில் புதிய உள்மென்பொருள் இருந்தால் போடுங்கள். அப்படியும் மறைந்தால் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றுங்கள். உத்தரவாதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கணினி தேவையில்லை.

கடைக்காரர் "ஃபார்மட் செய்யலாம்" என்றால், "முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்தத் தாயாருக்கு இதை யாரும் முன்பே சொல்லியிருந்தால், பிள்ளையின் உழைப்பு தப்பியிருக்கும்.